எடை போட்ட கதவு

என் பெயர், அப்பா பெயர், விலாசம் எல்லாம் இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதியாகிவிட்டது. ஆனால் ஹாரன் என்று கேட்டால்தான் ஆள் கிடைப்பேன். லாரி பின்னால் வரும்போது நான் போடும் சத்தத்தால் வந்த பெயர். வயது நாற்பத்தொன்பது. முப்பத்தொன்பது என்று எழுதினாலும் ஆட்சேபணை இல்லை.

புயல் குப்பை அள்ளும் அரசு ஒப்பந்த வேலையில் நான் கொடி காட்டுகிறேன். பொக்லைன் ஓட்டுவது என் கொழுந்தனார். ஒப்பந்தப்படி சாக்கடைக்கு வீட்டுப் பக்கம் இருப்பது வீட்டுச் சாமான், தெருப் பக்கம் கிடப்பது குப்பை. சம்பவத்தன்று காலை தையல்கார அம்மா வீட்டெதிரே, சாக்கடைக்குத் தெருப் பக்கம், ஒடிந்த கிளைகளோடு ஒரு கதவும் கிடந்தது. நான் கொடி காட்ட, அவர் அள்ள, லாரி குப்பைக் கிடங்குக்குப் போய் எடை போட்டுக் கொட்டியது. அதன் பிறகு அந்த அம்மா கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடி வந்தார். தண்ணீரில் ஊறிச் சாத்த முடியாத கதவைக் கழற்றி வெயிலில் காயப் போட்டிருந்தாராம்.

"பூட்டு இங்க இருக்கு, சாவியும் இங்க இருக்கு, கதவு எங்கடி?" என்றார்.

உள்ளே அவர் மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். ஒரு தெருநாய் வாசற்படியில் முன்னங்காலை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு கொழுந்தனாரும் நானும் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு கதவைக் கேட்கக் கிடங்குக்குப் போனோம்.

கிடங்கில் மேற்பார்வையாளர் அந்தக் கதவைத் தன் நாற்காலிக்கு நிழலாகச் சாய்த்து வைத்திருந்தார். "எடை போட்டாச்சுன்னா அது கவர்மென்ட் சொத்தும்மா. துரும்பு வெளிய போனாலும் ஒப்பந்தம் கேன்சல்" என்றார்.

"அண்ணி, வாய மூடிட்டு வாங்க. என் வேலைக்கு உலை வெச்சுடாதீங்க" என்றார் கொழுந்தனார்.

"உங்க அண்ணனுக்கே மூடாத வாய், உங்களுக்கா மூடப்போகுது?" என்றேன்.

அதன் பிறகு புயலில் ஊறிப்போன எங்கள் வீட்டு மர பீரோவை அடுத்த நடையில் ஏற்றி, எடை போட்டுக் கொட்டச் செய்தேன். அது கதவைவிடக் கனம். அரசுக்கு லாபம்தான். என் வீட்டுக்காரருக்கு இது இன்னும் தெரியாது, அவரிடம் இந்த இடத்தை மட்டும் படித்துக் காட்ட வேண்டாம். அதன் பிறகு மேற்பார்வையாளர் சாப்பிடப் போன நேரத்தில் நானும் தையல்கார அம்மாவும் கதவைத் தலையில் சுமந்து வெளியே வந்தோம். வாசல் காவலாளி லாரியைத்தான் சோதிப்பார். தெருமுனையில் இந்த நிலையத்துக் காவலர் ஒருவரே கையைக் காட்டி எங்களுக்கு வழிவிட்டார். மேற்பார்வையாளர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் முகத்தில் வெயில் அடித்திருக்கிறது. புகார் கொடுத்துவிட்டார்.

நாங்கள் கதவைத் தூக்கியபோது கொழுந்தனார் வண்டிக்கு அடியில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. புகாருக்குப் பிறகு அவரையும் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள், அது தவறு. வழக்கு என்றால் என் மேல் போடவும், அவரைத் திரும்ப வண்டியில் ஏற்றவும்.

கதவு இப்போது அதன் நிலையில் மாட்டியிருக்கிறது, நன்றாகவே சாத்துகிறது. சாட்சிப் பொருளாக வேண்டுமென்றால் வந்து கழற்றிக்கொள்ளலாம். ஆனால் தட்டிவிட்டு வரவும், மெதுவாகத் தட்டவும். குழந்தை இப்போதுதான் தூங்கப் பழகியிருக்கிறது.

நான் சொன்னதைக் காவலர் ஐயா எழுதிப் படித்துக் காட்டினார். நடுவில் இரண்டு தடவை அவர் சிரித்தது என்னுடையது அல்ல. மற்றதெல்லாம் என் வாயால் வந்தது, உண்மை.

(கையெழுத்து)