மேலே திறக்கிற கதவு

அவசரப்பட்டுப் பொருள் வாங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பீமராவ் சார் அப்படிப்பட்டவர் இல்லை. காருக்கு ஒரு கதவுக் கிட் தேர்ந்தெடுக்க அவர் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். அந்த ஐந்து மாதமும் சனிக்கிழமை தவறாமல் என் ஷெட்டுக்கு வந்தார். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, இன்ஸ்பெக்டர் அய்யா. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நடந்ததை என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். என் பெயர் தைரியராஜ். வயது ஐம்பத்தாறு. பாலக்கரையில் கார்களுக்கு சீட் கவர், ஹார்ன், கண்ணாடி ஃபிலிம் முதலியவை மாட்டிக் கொடுக்கிற ஷெட் வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் உள்ள அறையில்தான் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனால் நாலு பேர் தலையாட்டுவார்கள். மற்றபடி சில நாட்களில் என்னோடு பேசுகிற ஒரே ஆள், லோன் வேண்டுமா என்று போன் செய்கிற பெண்தான். நானும் சந்தேகம் கேட்கிற மாதிரி பேச்சை வளர்ப்பேன். கடைசியில் அந்தப் பெண்ணே சலித்துப்போய் வைத்துவிடும்.

மேலே திறக்கிற கதவு என்றதும் இளவட்டங்கள் படம் காட்டுவதற்கு மாட்டுவது என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி அப்படித்தான். ராவ் சாருக்கு அறுபத்தேழு வயது. ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மகாலட்சுமி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விளங்காமல் போயிற்று. வீடு ஸ்ரீரங்கத்தில், வடக்கு உத்தர வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். காரை வாசலில் நிறுத்தினால் சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒன்றரை முழம் இடைவெளி இருக்கும். இடது பக்கக் கதவு வெளியே விரிந்தால் வீல்சேர் நிற்க இடமில்லை. கதவு மேலே போய்விட்டால் இடம் கிடைக்கும். அந்த ஒரு கதவை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். சட்டப்படி இது சரியில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை கல்லுக்குழி ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போய்விட்டு நேரே என்னிடம் வருவார்கள். ராவ் சார் டேப்பை நீட்டிக் கதவை அளப்பார். நெட்டிலிருந்து எடுத்த படங்களை பானெட் மேல் பரப்பி வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். அம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்து, மிளகு வடையை ஒரு இலைத் துண்டில் வைத்து என்னிடம் நீட்டுவார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். என் நம்பரை ஒரு தடவை கேட்டார். எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமை போன் வந்தது.

"தைரியம், சாப்பிட்டாச்சா? இன்னிக்கு என்ன குழம்பு?"

அன்றைக்கு நான் பன் தின்றிருந்தேன். பருப்புக் குழம்பு என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் நிஜமாகவே குழம்பு வைக்க ஆரம்பித்தேன்.

தேர்வு கடைசியில் இரண்டு கிட்டுகளில் வந்து நின்றது. ஒன்று அந்தக் காருக்கென்றே செய்தது. கீல் அச்சாக உட்காரும். டிக்கி மூடியைத் தாங்குகிற மாதிரி ஒரு கேஸ் ராடு கதவைத் தூக்கிப் பிடிக்கும். கதவு முழுக்க மேலே போனதும் ஒரு லாக் பின் துளைக்குள் விழுந்து பூட்டிக்கொள்ளும். ராடு செத்தாலும் கதவு கீழே வராது. இன்னொன்று எல்லாக் காருக்கும் பொதுவானது. அதிலும் ராடும் பின்னும் உண்டு. ஆனால் கீல் சரியாக உட்காராது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை முடுக்கி, தளர்த்தி, செட்டிங் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"முதல் கிட்டுதான் நல்லாயிருக்கு தைரியம். ஒரு தடவை மாட்டிட்டா அப்புறம் உங்களைத் தொந்தரவே பண்ண வேண்டாம் பாருங்க" என்றார் ராவ் சார்.

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தக் கிட் மேலே போவதற்கு முன்னால் வெளியே அதிகம் விரியும், உங்கள் சந்துக்கு ஆகாது என்று சொன்னேன். அப்படியெல்லாம் இல்லை. எதையும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ளாத மனிதர், இதை மட்டும் என் வார்த்தைக்காக ஒத்துக்கொண்டார். இரண்டாவது கிட்டை மாட்டினேன். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, அம்மாவே பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தார். கைதட்டினார். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

நாலு மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்தார்கள். என் கைவேலையைக் குறை சொல்ல முடியாது அய்யா, அதுதான் எனக்கு எதிரியாகிவிட்டது. தகடு பழகி, கீல் படிந்து, கதவு தானாகவே சீராகிவிட்டது. ஒரு சனிக்கிழமை வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. போன் செய்து கேட்டேன். கதவு பட்டுப்போல வேலை செய்கிறது, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார்கள். வழக்கமான சர்வீஸ் என்று சொல்லி ஒரு நாள் வரவழைத்து, நல்ல ராடைக் கழற்றிவிட்டு, கேஸ் கசிகிற பழைய ராடு ஒன்றை மாட்டினேன். பின் இருக்கிறதே, விழாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கதவு முனகியது, பாதியில் நின்றது. மறுபடி வர ஆரம்பித்தார்கள். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. இதில் தப்பு என்று எனக்கு எதுவும் படவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராவ் சார் விஷயத்தைச் சொன்னார். கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் இடம் கிடைத்துவிட்டது. மகள் கனடாவில் இருப்பதால் இங்கே பார்த்துக்கொள்ள ஆளில்லை. அடுத்த வாரம் கிளம்புகிறார்கள். அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல உங்களை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு தைரியம். புதன்கிழமை போன் பண்றேன்" என்றார்.

முதலில் பண்ணுவார்கள். அப்புறம் குறையும். அப்புறம் பண்டிகைக்கு மட்டும். எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. தூரப் பயணம், கடைசியாக ஒரு தடவை கதவைப் பார்த்துவிடுகிறேன் என்றேன். ஆட்டோ வைத்து அவர்களை அருகில் இருந்த ஓட்டலுக்கு டிபன் சாப்பிட அனுப்பினேன். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லாக் பின்னைக் கழற்றினேன்.

நான் வாட்ச் கட்டுவதில்லை. வேலைக்கு இடைஞ்சல். பசை காய்வதற்கானாலும் சரி, ஃபிலிம் ஒட்டுவதற்கானாலும் சரி, மனசுக்குள் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்கிற பரலோக மந்திரத்தைச் சொல்லித்தான் நேரம் பார்ப்பேன். தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான். பின் இல்லாமல் கதவைத் தூக்கி விட்டேன். இரண்டு பரலோக மந்திரம் முடிகிற வரைக்கும் நின்றது. பிறகு ஒரேயடியாக விழுந்தது. மூன்று தடவை தூக்கிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே இரண்டு.

கதவு வேலை நடக்கிற சனிக்கிழமைகளில் அம்மாவை இறக்கி உட்கார வைப்பதால், காரிலிருந்து இறங்க அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்பதையும் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ராவ் சார் பின்னால் போய் வீல்சேரை எடுத்து விரிப்பதற்கு ஒரு மந்திரம். அம்மா இருக்கையில் திரும்பி, நல்ல காலை முதலில் வெளியே வைத்து, விளங்காத காலைக் கையால் தூக்கி வைப்பதற்கு இன்னொன்று. அதற்கப்புறம்தான் தலையைக் குனிந்து வெளியே நீட்டுவார். கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியும். அவர்கள் திரும்பி வந்ததும் கதவை நானே கையால் தாங்கிக்கொண்டு அம்மாவை ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்க் கதவு ஒரு தடவை விழுந்தால் பயந்துபோய் என்னைக் கூப்பிடுவார்கள், பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அன்றைக்கு மத்தியானமே போன் வந்தது. மகளுக்கு முன்னால், ஆம்புலன்சுக்கு முன்னால், ராவ் சார் எனக்குத்தான் போன் செய்தார். கதவின் விளிம்பு அம்மாவின் பிடரியில் விழுந்திருந்தது. கழுத்தெலும்பு முறிந்து நினைவு தப்பிவிட்டது. தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் வர மூன்று வாரமாகும் என்று தெரிந்தது.

ஒன்பது நாள். ஷெட்டைத் திறக்கவே இல்லை. ஐ.சி.யூ. வாசலில் நானும் ராவ் சாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். ஒரே பொட்டலத்தில் தயிர் சாதம் சாப்பிடுவோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பேன், மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். அம்மா சின்ன வயதில் எப்படி இருப்பார், எக்ஸ்சேஞ்சில் அவர் குரலைக் கேட்டுத்தான் இவர் முதலில் விசாரித்தது, எல்லாம் சொன்னார். என்னிடம் யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ஒரு நாள் என் தோளில் சாய்ந்து அழுதார்.

"அந்தக் கிட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தானே தைரியம். என் கையாலேயே அவளை இப்படிப் பண்ணிட்டேனே. நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்றார்.

உங்கள் மேல் தப்பில்லை சார், எல்லாம் விதி என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்சம் அமைதியானார்.

பத்தாம் நாள் காலையில் அம்மா இறந்துபோனார். காரியங்கள் முடிந்து, மகள் வந்து அப்பாவைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ராவ் சாரின் பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது. அந்தச் சந்துக்கு மூன்று தடவை போனேன். பூட்டு தொங்குகிறது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, அய்யா. நானாகத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்களும் நாற்காலி போட்டு, முழுசாகக் கேட்டீர்கள்.

அந்த அம்மாவைக் கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். ராடை மாற்றியது நான். பின்னை எடுத்தது நான். கதவு விழும்போது அதன் கீழே அவர் தலை இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைத்ததில்லை. அந்த ஒன்பது நாளும் அவர் உயிருக்காக மாதாவிடம் மன்றாடிக்கொண்டுதான் இருந்தேன். வருத்தமும் நிறைய இருக்கிறது. மகள் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அம்மா இன்னும் ஒரு வாரமாவது இருந்திருக்கலாம்.