கடைசிப் பத்து நிமிடம்

மருந்துக்கடைக்காரனிடம் யாரும் சினிமாவைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பீர்கள், மேடம். என்னிடம் கேட்பார்கள். தலைவலி மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டே, இந்த வாரம் எதைப் பார்க்கலாம் என்பார்கள். முப்பது வருடத்தில் என் பேச்சைக் கேட்டு யாரும் ஏமாந்ததில்லை. கதாநாயகனின் நண்பன் முதல் அரை மணிக்குள் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசினால், இடைவேளைக்குள் செத்துவிடுவான். தொடர்களை ஏழாவது பகுதி வரை பார்க்கலாம், அதற்கு மேல் ஜவ்வு. பேய்ப் படத்தில் பேய் வரும்வரைதான் பயம். இதெல்லாம் பெரிய ஞானம் இல்லை, நிறையப் பார்த்தால் தானாக வந்துவிடும்.

முக்கால்வாசிப் படங்களைக் கெடுப்பது முடிவுதான் என்பது என் அபிப்பிராயம். இரண்டு மணி நேரம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருவார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். என் அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன், படத்தொகுப்பாளன். நாற்பது படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறான். தொழிலில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். முடிவை வெட்டத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது என்பான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுக்கு வாதம் வந்தது. பேச்சு போயிற்று, கைகால் போயிற்று. கண்ணும் இமையும்தான் அவன் சொன்னபடி கேட்டன. ஒரு முறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் வேண்டாம். புத்தி பழையபடியே இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அண்ணி அதற்கு முன்பே போய்விட்டாள், ஒரே மகள் வெளிநாட்டில் இருந்தாள். எனக்குக் குடும்பம் இல்லை, அதனால் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் வாராவாரம் போனில் வந்து, "சித்தப்பா, நீங்க மட்டும் இல்லைன்னா அப்பாவை யார் பார்த்துப்பா?" என்று கண் கலங்குவாள். வேளாவேளைக்குக் குழாயில் சாப்பாடு, இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, நெஞ்சில் சளி கட்டினால் மெஷினை வைத்து உறிஞ்சுவது, இவ்வளவுதானே என்பேன். பகலில் கடைக்கு நடுவே நாலு தடவை ஓடி வருவேன். மூன்று வருடத்தில் அவன் முதுகில் ஒரு புண் வந்ததில்லை.

மாலை ஐந்துக்குக் கடையிலிருந்து வந்ததும் அவனுக்காக ஒரு படம் போடுவேன். முதல் படத்தைப் பாதியில் நிறுத்தியது தற்செயல். படம் முடியும் நேரத்தில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. டிவியை அணைத்துவிட்டு ஓடினேன். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் அண்ணன் இமைத்துக்கொண்டிருந்தான், இரண்டிரண்டாக. வேண்டாம், வேண்டாம், நிறுத்தாதே. நாற்பது படத்துக்கு முடிவு வைத்தவன் ஒரு முடிவுக்காக என்னிடம் கெஞ்சுகிறான். எனக்கு நன்றாகவே புரிந்தது. போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துபோச்சே என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே அணைப்பேன். துப்பறியும் படங்களாகத் தேடிப் பிடித்தேன். அவற்றில்தான் முடிவுக்கு மதிப்பு அதிகம். எத்தனை படம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

லிஃப்ட் விஷயத்தைக் கேட்டீர்கள். அது இருபத்தாறு வருடப் பழங்கதை. அண்ணன் வேலை பார்த்த ஒரு படத்தில் லிஃப்ட்காரனாக நடித்தேன். கதாநாயகியைப் பார்த்து, "எந்த மாடிம்மா?" என்று கேட்க வேண்டும். ஒரே வசனம். படம் வந்ததும் கடைக்காரர்கள், உறவுக்காரர்கள், அம்மா என்று பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது பெண் பார்த்திருந்தார்கள், அந்த வீட்டாரும் வந்திருந்தார்கள். லிஃப்ட் வந்தது. கதவு மூடியது. அடுத்த காட்சி வந்துவிட்டது. இடைவேளையில் எல்லோர் முன்னாலும் அண்ணன், "கதைக்கு உதவலைடா, தூக்கிட்டேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பெண் வீட்டார் அப்புறம் வரவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று எழுதாதீர்கள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் அண்ணன் மகள் பகலுக்கு ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்தாள். பொறுமைசாலி, கை சுத்தம். ஒரு மாதம் போனபின் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். டிவியை அணைத்தால் அண்ணன் இமைக்கவில்லை. போனால் போகட்டும் என்பது போல என்னையே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது, உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருநாள் சொல்லாமல் முற்பகலில் வீட்டுக்கு வந்தேன். அந்த அம்மாள் தன் செல்போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் படத்தின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் ஒன்றும் பயப்படவில்லை. ஒரு அட்டையில் எழுத்துகளை எழுதி வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாளாம். அவன் இமைத்து இமைத்துச் சேர்த்துச் சொன்னானாம்.

"முடிவு பாக்கணும்னு சொன்னாருங்க" என்றாள். பிறகு செல்போனை மடியில் வைத்தாள். "இன்னொண்ணும் சொன்னாரு. உங்க லிஃப்ட் சீனை வெட்டினது தப்புதானாம். தம்பிகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லச் சொன்னாரு. அதைச் சொல்லி முடிக்க ரெண்டு நாள் ஆச்சுங்க."

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு முறை இமைத்தான். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. கடைசியில் மன்னிப்புக் கேட்கிற படங்கள் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. அதில் சிரமமே இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நர்ஸம்மாவுக்கு நன்றி சொன்னேன். அன்று மாலையே அண்ணன் மகளைக் கூப்பிட்டு, இவள் அப்பாவை ஈரத்திலேயே போட்டு வைக்கிறாள் என்று சொன்னேன். அந்தப் பெண் அழுதுவிட்டு அவளை நிறுத்திவிட்டாள். எழுத்து அட்டையைக் கிழித்துப் போட்டது நான்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு காரியம் செய்தான். நான் படத்தைப் போட்டதுமே கண்ணை மூடிக்கொண்டான். தொடர்ந்து மூன்று நாள் அப்படித்தான். பார்த்துப் பார்த்துப் படம் தேர்ந்தெடுத்துப் போடுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று நினைத்துப் பாருங்கள். நாலாம் நாள் கடையிலிருந்து காகித பிளாஸ்திரி ஒரு சுருள் எடுத்து வந்தேன். தோலை உரிக்காத நல்ல ரகம். மேல் இமையைத் தூக்கிப் புருவத்தோடு சேர்த்து ஒட்டினேன். கண் வறண்டுவிடக் கூடாது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்தும் விட்டேன். இமை ஒட்டியிருந்தால் அவனால் ஆமாம், வேண்டாம்கூடச் சொல்ல முடியாதே என்கிறீர்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை என்றால் பொய் சொன்னவன் ஆவேன். பதினோரு நாள் அப்படித்தான் பார்த்தோம்.

கடைசி நாள் படம் நல்ல படம். ஒரே வீட்டுக்குள் ஆறு பேர், அதில் ஒருவன் கொலைகாரன். முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அவன் தொண்டையில் சளி அடைத்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. மெஷின் கட்டிலுக்குக் கீழே, கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுத்து வைத்தால் அரை நிமிட வேலை. நூறு தடவைக்கு மேல் செய்திருக்கிறேன்.

நான் எடுக்கவில்லை, மேடம். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். மறந்துவிடவில்லை, பதறிவிடவும் இல்லை. சத்தம் கேட்டது, என்ன ஆகும் என்று தெரியும், உட்கார்ந்திருந்தேன். முகம் நீலம் பாய்ந்தது. கண் திறந்தே இருந்ததால் எந்த நிமிடம் உயிர் போயிற்று என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பிளாஸ்திரியைப் பிரித்து, முகத்தைத் துடைத்து, பிறகுதான் டாக்டரை அழைத்தேன். இமையில் பசை இருந்ததை அவர்தான் பார்த்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு நான் படத்தை நிறுத்தவில்லை. மூன்று வருடத்தில் அந்த ஒரு படத்தைத்தான் அவனுக்காகக் கடைசிவரை ஓட விட்டேன். கொலைகாரன் யார் என்று தெரிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் தொண்டைச் சத்தம் நின்றுவிட்டது. அருமையான முடிவு, நானே எதிர்பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவனும் பார்த்திருக்கலாமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.