ஆறாம் அறை, மூன்று இருபத்தைந்து

இரவு பத்தரை மணி. கனடாவில் ரெஜைனா நகருக்கு வடக்கே நெடுஞ்சாலை... முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. பனி மட்டும் கண்ணாடியில் வந்து மோதிக்கொண்டிருந்தது. என் நண்பன் யோரனின் சித்தி சிக்னி, முதியோர் இல்லத்தில் இரவுப் பொறுப்பு நர்ஸ். எப்படியோ போய்ச் சேர்ந்தாள். பிறகு சாலையை மூடிவிட்டார்கள். வேறு யாராலும் வர முடியவில்லை. முப்பத்தெட்டு முதியவர்களுக்கு இரண்டே பேர்... சிக்னியும், இருபத்துமூன்று வயது உதவியாளர் டெஸ்ஸாவும்.

"கால் ஓஞ்சா சொல்லுங்க. உங்களையும் நாற்காலியில வச்சுத் தள்றேன்," என்றாள் டெஸ்ஸா.

ஒன்றரைக்குச் சிக்னி குறிப்பேட்டைத் திறந்தாள். யாரோ எழுதியிருந்தார்கள். மை காயவில்லை.

2.10. அறை 14. விழுந்தார்.
3.25. அறை 6. மூச்சு நின்றது.

"நீயா எழுதின?"

"நான் பேனாவையே தொடல. தூக்கக் கலக்கமா உங்களுக்கு?"

இரண்டு பத்து... தொம். பதினாலாம் அறைக் கிழவி தரையில் கிடந்தாள்.

ஆறாம் அறையில் ஓஸ்ட்பி. தொண்ணூற்றொரு வயது. சிக்னி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். விடிந்துதான் வர முடியும் என்றார்கள். டாக்டர் போனை எடுக்கவில்லை. கிழவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றிக் கூடத்துக்குத் தள்ளிவந்தாள். ஆக்சிஜன் மாட்டினாள். கையை விடவே இல்லை.

"சாகவும் விட மாட்டியாம்மா?"

"என் ஷிப்ட்ல விட மாட்டேன்."

மூன்று இருபத்துநான்கு... இருபத்தைந்து... இருபத்தாறு. கிழவர் குறட்டை விட்டார். சிக்னி அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

"டெஸ்ஸா, தப்பிச்சிட்டோம்."

நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் டெஸ்ஸா இல்லை.

அவர் திரும்பி வந்து படுக்க வேண்டுமே, போய் விரிப்பை மாற்று என்று டெஸ்ஸாவை ஆறாம் அறைக்கு அனுப்பியது சிக்னிதான்.

ஓடினாள். டெஸ்ஸா கட்டிலடியில் கிடந்தாள். மூச்சு இல்லை. சிக்னி நெஞ்சை அழுத்தினாள். விலா எலும்பு முறிந்த சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. விடிந்து ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து இழுத்தபோதும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

சாவுக்குக் காரணம் இதயம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சிக்னி அதன்பின் வேலைக்குப் போகவில்லை.

யோரனிடம் ஒன்று மட்டும் சொன்னாளாம். புது விரிப்பு நாலு மூலையும் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. அறையில் லைசால் வாசனை, எலும்பு வரை குளிர். தலையணையில் மட்டும் ஒரு தலை அழுந்திய குழி... கை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

சூடாக இருந்தது.