பக்கம் பதினாலின் கடைசி பாரா

—மேடம், உங்க கட்டுரையோட மூணாவது தாள் பாதியிலயே நிக்குது.

—எந்தப் பாதியில சார்?

—பூனை ஜன்னல் கட்டையில ஏறி உட்கார்ந்தாச்சு. ரேடியோவுல குடைப் பாட்டு ஓடுது. நீங்க அடுப்பை அணைக்க எந்திரிக்கிறீங்க. அதோட சரி. அணைச்சீங்களா இல்லையான்னு கூடத் தெரியல.

—அணைச்சுட்டேன் சார். வீடு இன்னும் அங்கதான் இருக்கு.

—அது படிக்கறவங்களுக்குத் தெரியணும்ல. பக்கம் பதினாலு அஞ்சு மணிக்குள்ள மெஷினுக்குப் போகணும். இப்ப மணி நாலு பத்து.

—உங்க கடிகாரம் எப்பவும் அஞ்சு நிமிஷம் வேகம்.

—ஒரு சின்ன திருத்தம். கடிகாரம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் வாரா வாரம் லேட். கொஞ்சம் உட்காருங்களேன். வந்ததுலேருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துட்டே இருக்கீங்க.

—எப்படி உட்கார்றது? கீழ மெஷின் ஓடுற ஓட்டத்துல நாற்காலியே நடுங்குது.

—மெஷினை இன்னும் போடவே இல்லையே மேடம்.

—அப்ப நான்தான் நடுங்குறேன்னு வெச்சுக்குங்க. நீங்க மட்டும் என்னவாம்? அந்தச் சிவப்புப் பேனா மூடியை இருபது தடவை கழட்டி மாட்டியாச்சு.

—சரி, டீயையாவது குடிங்க. ஆறிடும்.

—குடிச்சாச்சே.

—அடியில ஒரு மடக்கு இருக்கு.

—அது எனக்கு ஆகாது. உங்களுக்குத் தெரியாததா? குடைப் பாட்டும் அப்படித்தான். ரெண்டாவது சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்பறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு ஒரு மூச்சு விடுவா பாருங்க, அந்த இடத்துல ரேடியோவை டக்குன்னு அணைச்சுடுவேன். அதுக்கு மேல விட்டா குடையை மடிச்சுட்டு அவ வீட்டுக்குப் போயிடுவாளோன்னு ஒரு பயம்.

—போயிடுவா.

—சொல்லாதீங்க சார்.

—நாவல் மட்டும் என்ன வாழுது? கடைசி அத்தியாயத்தைத் தொடறதே இல்லன்னு நீங்களே ஒரு வாரம் எழுதியிருக்கீங்க. முடிவு தெரியாமயே வாரா வாரம் நாவலைப் பத்தி எழுதற ஆள் உலகத்துல நீங்க ஒருத்தராத்தான் இருக்கணும்.

—முடிச்சுட்டா அவங்கெல்லாம் நம்ம வீட்டை விட்டுப் போயிடுவாங்க சார். முடிக்காம வெச்சா அலமாரியிலயே குடித்தனம் இருப்பாங்க. ஒரு நாவல்ல வந்த கப்பல் சமையல்காரன் நாலு வருஷமா என் வீட்டுலதான் இருக்கான்.

—நல்ல ஆளைச் சொன்னீங்க. அவன் கரை இறங்கி, துறைமுகத்துல சாப்பாட்டுக் கடை வெச்சு அமோகமா இருக்கான்னு நீங்க பாட்டுக்கு அடிச்சு விட்டிருந்தீங்க.

—வெச்சிருப்பான். அவன் கைப்பக்குவம் அப்படி.

—அவன் கரையே இறங்கல மேடம். கப்பலை உடைக்க ஆள் வந்து நிக்குது, இவன் அடுப்படியை விட்டு நகரமாட்டேன்னு பாத்திரம் தேச்சிட்டிருக்கான். நான் லைப்ரரிக்குப் போய், புத்தகத்தைத் தேடி எடுத்து, நின்னுக்கிட்டே படிச்சுட்டு வந்து மாத்தினேன்.

—என்னன்னு மாத்தினீங்க?

—'கடை வைத்திருப்பான் என்றே நான் நம்புகிறேன். முடிவு தெரிந்தவர்கள் தயவுசெய்து என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்'னு.

—ஆமா, அது ரொம்ப நல்லா இருந்துச்சு… இருந்திருக்கும், சொல்றேன்.

—திருத்தம் சார், உள்ள வரலாமா? நான் என்ன சொல்றேன்னா, பதினாலைத் தவிர எல்லாப் பக்கமும் மெஷின்ல மாட்டியாச்சு. அம்மாவோடது எப்ப வரும்?

—வந்துட்டே இருக்கு ஃபோர்மேன்.

—மூணு மணிக்கும் இதையேதான் சொன்னீங்க. அஞ்சு மணிக்கு எடிட்டர் வந்துடுவார். நான் என்ன சொல்றேன்னா, உங்க அந்த விஷயம் வேற இருக்குல்ல, அதையும் அப்பவே முடிச்சுடலாம்.

—தெரியும் ஃபோர்மேன். நீங்க கீழ போங்க.

—போறேன், போறேன். அம்மா, போன வாரம் ஒத்தச் செருப்பைத் தேடினதைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அந்தக் கடைசி பாராவைப் படிச்சுட்டு என் வீட்டுக்காரி என் செருப்பைத் துடைச்சு வாசல்ல ஜோடியா வெச்சா. கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷத்துல முதல் தடவை.

—அவங்களை நான் விசாரிச்சதா சொல்லுங்க ஃபோர்மேன்.

—போயிட்டாரா? மேடம், அந்தக் கடைசி பாரா…

—அதுக்கு என்ன?

—அது நீங்க எழுதினது இல்ல.

—ஓ.

—செருப்பு கிடைச்சுதா இல்லையான்னு சொல்லாமயே தாளை வெச்சுட்டுப் போயிட்டீங்க. நான்தான் எழுதினேன். போன வாரம் மட்டும் இல்ல, ஆறு வருஷமா. நீங்க வாலில்லாம கொண்டு வந்து வைப்பீங்க. கேட்டா 'அதுல இல்லையா?'ன்னுட்டுக் கிளம்பிடுவீங்க. பக்கத்துல நாலு விரக்கடை இடம் வெள்ளையாக் கெடக்கும். அப்படியே விட முடியுமா? இட்டு நிரப்பிட்டேன்.

—எடிட்டருக்குத் தெரியுமா?

—யாருக்கும் தெரியாது. அச்சான பக்கத்தைக் கடைசி வரைக்கும் படிக்கிற ஆளும் இல்ல நீங்க. அந்த தைரியம்தான்.

—இதுக்குப் பேர் திருட்டுத்தனம் சார்.

—சொல்லுங்க, வாங்கிக்கறேன். அதுக்குத்தான் இன்னைக்கு வாயைத் திறந்தேன். இந்த வாரத்தோட பாராவை நீங்களே எழுதிடுங்க. இனிமேலும் நீங்கதான் எழுதிக்கணும்.

—ஏன், உங்க பேனாவுல மை தீர்ந்துடுச்சா?

—திங்கட்கிழமையிலேருந்து நான் இங்க இல்ல.

—தெரியும்.

—யார் சொன்னா?

—ஃபோர்மேன் வாயில எது நிக்கும்? படி ஏறும்போதே வழிமறிச்சு சொல்லிட்டார். அக்கா இருக்கற ஊருக்கே போறீங்களாம். பள்ளிக்கூடப் புத்தகம் போடற இடத்துல வேலையாம். ராஜினாமா லெட்டரை எழுதி டிராயர்ல வெச்சிருக்கீங்களாம். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லணும்னு மட்டும் தோணல.

—எந்த இடத்துல ஆரம்பிக்கறதுன்னு தெரியல மேடம். எனக்கு முடிக்கத்தான் வரும்.

—அதைக் கேட்டதுலேருந்துதான் எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது. சரி, தாளைக் குடுங்க, நானே எழுதறேன். 'அடுப்பை அணைத்தேன். பூனை என்னைப் பார்த்தது. நான் பூனையைப் பார்த்தேன்.' எப்படி இருக்கு?

—பூனைக்கே பிடிக்காது.

—'வாழ்க்கை என்பது ஒரு குடை.'

—மேடம், வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.

—பாத்தீங்களா, வரல. எதுக்கு சார் போறீங்க? பிரூஃப் பாக்கத்தானே? அங்க மட்டும் எழுத்து வேற மாதிரியா இருக்கப் போகுது?

—அங்க முடிவெல்லாம் ஏற்கெனவே எழுதி வெச்சிருப்பாங்க. கணக்குப் புத்தகத்துல விடை பின்னாலயே இருக்கும். நான் எதையும் இட்டு நிரப்ப வேண்டியதில்ல.

—அதெல்லாம் ஒரு வேலையா?

—நிம்மதியான வேலை. எனக்கு அம்பத்தோரு வயசு ஆகுது மேடம். இத்தனை வருஷத்துல நான் சொந்தமா எழுதினது வாரத்துக்கு நாலு வரி. அதுவும் உங்க பேர்ல. எங்க வீட்டுலயே பத்திரிகை வந்த மறுநாள் அலமாரித் தட்டுல விரிச்சு, மேல மாவு டப்பாவைத் தூக்கி வெச்சுடுவாங்க. யாராவது ஒருத்தர், 'இது வேற கை மாதிரி இருக்கே'ன்னு சொல்லுவாங்களான்னு ஆறு வருஷமா காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தர் கூட இல்ல. அதுல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. இருந்தாலும் உள்ளுக்குள்ள என்னமோ அரிச்சிட்டே இருக்கு. உட்கார விடமாட்டேங்குது.

—கோவம் இல்லங்கறதை எவ்வளவு கோவமா சொல்றீங்க.

—ஒரு சின்ன திருத்தம்…

—ஒண்ணும் திருத்த வேண்டாம். ஃபோர்மேன் வீட்டுக்காரி செருப்பைத் துடைச்சாங்கன்னு இப்பத்தானே கேட்டீங்க? அது யாருக்குக் கிடைச்ச மரியாதை?

—உங்களுக்கு. பேர் உங்களோடது.

—இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. அடியில ஒரு நோட்டு இருக்கும், எடுங்க.

—பள்ளிக்கூட நோட்டு மாதிரி இருக்கு. என்ன, இவ்வளவு தடிமனா ஊதியிருக்கு?

—பசை போட்டு ஒட்டினா ஊதத்தானே செய்யும். பிரிச்சுப் பாருங்க. நீங்க பிரூஃப் பாக்கற மாதிரி பின்னாலேருந்து வராதீங்க, முன்னாலேருந்து வாங்க.

—இது நம்ம பத்திரிகையாச்சே. எல்லாம் வெட்டின துண்டு. கப்பல் சமையல்காரன்… லிஃப்ட்டுல யாரும் யார் முகத்தையும் பாக்கமாட்டாங்கன்னு எழுதின வாரம்… இது ஒத்தச் செருப்பு. 'செருப்பு கிடைத்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது…'

—'…கோபமாக இருப்பவர்களைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், குனிந்துதான் எடுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை.'

—பாக்காமயே சொல்றீங்க.

—எல்லாத்தையும் சொல்லுவேன். எந்த வாரம்னு கேளுங்க.

—மேடம், இதுல முழுசா ஒரு கட்டுரை கூட இல்லையே. கடைசி பாரா மட்டும்தான் இருக்கு. எல்லாப் பக்கத்துலயும்.

—முதல் வாரம் நிஜமாவே மறந்துட்டேன் சார். திடீர்னு தங்கச்சி குடும்பத்தோட வந்து நின்னா, அந்த அவசரத்துல அரைகுறையாக் குடுத்துட்டு ஓடிட்டேன். திட்டப் போறாங்கன்னு பயந்துட்டே பத்திரிகையைப் பிரிச்சா, என் தாள்ல இல்லாத நாலு வரி. வாழ்க்கையில முதல் தடவையா ஒரு முடிவைப் படிச்சேன். நாலு தடவை படிச்சேன். அதுக்கப்புறம் நான் மறக்கவே இல்ல.

—அப்ப வாரா வாரம் வேணும்னேதான்…

—வேணும்னேதான்.

—நீங்க எழுதின பாகமெல்லாம் எங்க? பாட்டு, நாவல், பூனை…

—அது நான் எழுதினதுதானே சார். அதைப் போய் எதுக்கு வெட்டி ஒட்டறது?

—இருங்க மேடம், இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சுக்கறேன்.

—சார், மூக்கைத் துடைச்சுக்குங்க. படியில யாரோ ஏறி வர்ற சத்தம் கேக்குது.

—திருத்தம் சார், எடிட்டர் வந்தாச்சு. நான் என்ன சொல்றேன்னா, பதினாலை அப்படியே குடுங்க, கிடக்கட்டும் பாதியிலேயே.

—நாலு வரிதான் ஃபோர்மேன். எழுதிட்டிருக்கேன். அடுப்பை அணைச்சாச்சு.

—சரி, அப்ப டிராயர்ல இருக்கற லெட்டரைக் குடுங்க. அவர் ரூமுக்குத்தான் போறேன், கையோட குடுத்துடறேன்.

—இருங்க ஃபோர்மேன். அதுல ஒரு சின்ன திருத்தம் இருக்கு.