தம்புசாமியின் படையைப் பூட்டாதீர்கள்

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியவர்களே! கிடைக்காததால் முதல் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றப் பெரியவர்களே! காப்பாரிலிருந்து பஸ் மாறி இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கை வீரம்மா அவர்களே! யோகநாதனின் வணக்கம்.

இறந்தவரின் மனைவி கடைசி வரிசையில். இறந்தவரை விரட்டியவர்கள் மேடையில். அடேயப்பா, என்ன மரியாதை!

நம் மேசைப்போர்க் கழகத்தின் தலைவர் பழனியப்பன் அவர்கள் சற்று முன் இரண்டு அறிவிப்புகள் செய்தார்கள். போன வாரம் மாரடைப்பில் மறைந்த தம்புசாமிக்கு 'படைத்தளபதி' என்ற பட்டம். அவர் உருவாக்கிய சாமுராய்ப் பொம்மைப் படைக்கு இந்த மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அதற்கு ஒரு பூட்டு, தலைவர் பெயர் பொறித்த ஒரு பலகை. நீங்களும் கை தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டுகிற சனம் உலகத்தில் நாம் மட்டும்தான் ஐயா!

தளபதியாம்! உயிரோடு இருந்தபோது அவருக்கு இங்கே என்ன பெயர்? பொம்மைக்காரன்! மேசைமேல் ஈய வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை நடத்துகிற கழகம் இது. இங்கே யார் ஐயா பொம்மைக்காரன் இல்லை?

அவர் வேலை எப்படிப்பட்டது தெரியுமா? எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சாமுராய், அதாவது ஜப்பான் போர்வீரன், குதிரையில் வந்த வில்லாளி. அதைப் படித்துத் தெரிந்துகொண்டு படை கட்டியவர் தம்புசாமி. இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்த குதிரைகள் வெள்ளைக்காரன் குதிரைகள். ஜப்பான் குதிரை குள்ளம். ஒவ்வொரு குதிரையின் காலையும் அறுத்துக் குள்ளமாக்கி ஒட்டினார். முதுகில் கொடி கட்டுவது பிற்கால வழக்கம் என்று, பொம்மையோடு வந்த கொடிகளை அரத்தால் ராவி எடுத்தார். ஒவ்வொரு குதிரை வீரனுக்கும் பக்கத்தில் நடந்து வரும் ஏவலாட்களைக் களிமண் பசையால் அவரே செய்தார். இதைப் பார்த்துவிட்டு நம் செயற்குழு மேதை ஒருவர், "வாளே காணோம், இது என்னா சாமுராய் லா?" என்று கேட்டார். அந்த மேதையும் மேடையில்தான் இருக்கிறார். வாழ்க!

எழுபத்தொன்பதாம் ஆண்டு கழகப் போட்டி நினைவிருக்கிறதா? பிஸ்கட் டின்களில் பஞ்சு வைத்துப் படையைக் கொண்டு வந்து மேசைமேல் அடுக்கினார் தம்புசாமி. தலைவர் என்ன சொன்னார்?

"என்னா தம்புசாமி, ஜப்பான்காரன் பொம்மையெல்லாம் கொண்டாந்திருக்க? யுத்தத்துல ஜப்பான்காரன் இழுத்துட்டுப் போயி, சயாம் ரயில் பாதை போட்டு நம்ம சனம் செத்தது மறந்து போச்சா? வெக்கமா இல்ல? தூக்கிட்டுப் போ லா!"

ஆகா, என்ன இன உணர்ச்சி! அன்று தலைவரின் மேசையில் என்ன நின்றது? கறுப்புச் சிலுவை போட்ட ஜெர்மன் டாங்கிகள்! கூட்டம் முடிந்து எதில் ஏறி வீட்டுக்குப் போனார்? புத்தம் புதிய ஜப்பான் காரில்! சயாம் ரயிலில் தலைவர் குடும்பம் இழந்தது யாரை? ஒருவரையும் இல்லை. தெரிந்தே கேட்கிறேன்.

தம்புசாமி படையை மறுபடி பஞ்சில் எடுத்து வைத்தார். டின்களை மூடினார். நான் பஸ் நிலையம் வரை கூடவே போனேன். எனக்கே கோபம். "ஏன்யா, வேற படையே கிடைக்கலையா?" என்றேன்.

"எங்க அப்பா சயாமுக்குத்தான் போனாரு அண்ணே. வரல. இது அந்த ஜப்பான்காரங்க இல்ல, அவங்களுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முந்தின ஆளுங்க. இவன் வெட்ட வரதுக்கு முன்னால நிமிர்ந்து நின்னு தன் பேரைச் சொல்லுவான், அப்பன் பேரைச் சொல்லுவான், எதிர்ல நிக்கிறவன் பேரையும் கேப்பான்னு கதையில படிச்சேன். எங்க அப்பாவ லோரில ஏத்துனவன் ஒருத்தனும் பேரு கேக்கல அண்ணே."

மேடையில் இருப்பவர்களே, இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அதற்குப் பிறகு அவர் ஆட்டம் காப்பார் வீட்டில்தான். அவர் வீட்டு விதி ஒன்றே ஒன்று: இரண்டு வீரர்கள் மோதுவதற்கு முன் ஆடுகிறவர் எழுந்து நின்று வீரனின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். "காப்பார் தோட்டம், பக்கிரிசாமி மகன் கன்னையா!" ஒவ்வொரு பொம்மைக்கும் இப்படி ஒரு பெயர். எல்லாம் அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். கன்னையா என்பது அவர் தகப்பனார். எதிர்ப் பக்கம் ஆடியது யார்? இதோ, இந்த வீரம்மா! கணவனோடு மல்லுக்கு நின்று பெயர் சொல்லிப் பகடை உருட்டியவர். விஷயம் இங்கே பரவியதும் செயற்குழு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாமுராய்க்குப் பெயர் கன்னையாவாம்! சிரித்த வாய்கள்தான் இன்று பட்டம் கொடுக்கின்றன. தூ!

மன்னியுங்கள், இரங்கல் கூட்டம் இது. ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை.

அலமாரி அறிவிப்பு வந்ததும் நான் வீரம்மாவிடம் போய், இதற்குச் சம்மதமா என்று கேட்டேன். அழவில்லை அந்தப் பெண். "பூட்டி வச்சிட்டா யாரு அண்ணே பேரைச் சொல்லுவா? எங்க மாமனாருக்குக் கல்லறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு பேரு அந்த ஆட்டத்துலதான் இருக்கு" என்றார். கண்ணாடிக்குள் இருக்கிற பொம்மைக்கு வாய் ஏது?

ஆகவே, பெரியோர்களே, இது என் இரங்கல் தீர்மானம். யாரும் வழிமொழிய வேண்டாம். இதோ, மேடையோரம் அடுக்கியிருக்கும் அந்த டின்கள் இந்த மண்டபத்தில் இருக்கப் போவதில்லை. பேச்சு முடிந்ததும் நானே தூக்கிக்கொண்டு செராஸில் என் வீட்டுக்குப் போகிறேன். தடுக்க நினைப்பவர் வாசலில் நிற்கலாம். போனதும் சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிடுவேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஒரு பக்கம் வீரம்மா, மறு பக்கம் தம்புசாமியின் இடத்தில் நான். என் கையில் பலம் இருக்கும்வரை அந்த ஆட்டம் நிற்காது. தம்புசாமி, இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

எல்லோரும் வரலாம். தலைவர் அவர்களும் வரலாம்; காரிலேயே வரட்டும். முதல் மோதலில் கன்னையாவின் குதிரையை அவர் கையிலேயே கொடுக்கிறேன். எழுந்து நிற்க வேண்டும். தோட்டம், தகப்பன் பெயர், மகன் பெயர் எல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்ல வேண்டும்.