ஆமை தொட்ட கை

"பஜ்ஜிய வாயில வெச்சவங்க அப்படியே தட்டுல வெச்சிட்டாங்க மச்சான்" என்றார் முன்சீட்டுக்காரர். விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் போகிற பஸ். அவர் பீங்கான் பட்டறைக்காரர். சட்டைக் கையில் வெள்ளை மண் காய்ந்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"பொண்ணு பாக்க வந்தவங்களா மாமா?"

"ஆமா. பொண்ணு என்ன வேலைன்னாங்க. கடல் உயிரினம் படிச்சிட்டு, கடலோரத்துல ஆமை முட்டைய காப்பாத்துதுன்னேன். ஆமை வூட்டுக்கு ஆவாதாம். அதத் தொட்ட கையால வெளக்கேத்தக் கூடாதாம். சம்பந்தம் வேணாம்னுட்டாங்க."

"பேங்க் பரிச்சை எழுதுன்னேன், கேட்டுச்சா? கடலே இல்லாத ஊர்ல பொறந்துட்டு!"

"அத வுடு. கெளம்புறப்ப மாப்ள அம்மா பட்டறையில நம்ம வாஸ்து ஆமையப் பாத்துட்டாங்க. வடக்க பாத்து வெச்சா வூட்டுக்கு ரொம்ப நல்லதாம். ஒண்ணு கேட்டாங்க."

"அந்த ஆமை மட்டும் ஆவுமா?"

"பீங்கானாச்சே!"

"நீங்களும் குடுத்தீங்களா?"

"வூட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையா அனுப்ப முடியுமா? பொண்ணுதான் ஒடையாம வைக்கோல் சுத்திக் கட்டிக் குடுத்துச்சு."



"அந்தக் கையாலயா?"

"அதே கைதான். சாமி ரூம்ல, வெளக்குப் பக்கத்துலயே வைக்கப் போறாங்களாம்."