மொட்டை மாடியில் ரஸ்தாளி

முழங்கால் தேய்ந்தவர்கள் தரையில் செடி வைக்கக் கூடாது. தொட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே களை பிடுங்கலாம். இரவில் தைலம் தேட வேண்டியதில்லை. தென்னூரில் எங்கள் தெருவில் இதை முதலில் செய்தவள் நான்தான், இன்ஸ்பெக்டர் ஐயா.

உங்கள் ஏட்டு எங்கள் வாசலில் நின்று, "வயசான அம்மா, பாரம் தெரியாம வச்சிருச்சு, பாவம்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் வந்தேன். என் பெயர் ஞானசௌந்தரி. பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுத்தவள். பாரம் என்றால் என்ன என்று இந்த ஊரில் பாதிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். தெரியாமல் வைத்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

வீடு அப்பா கட்டியது. மனைவி இறந்த பிறகு அண்ணன் இருதயநாதன் கீழே பெரிய அறையில் நடுவில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்லவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறியதில்லை. ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. நான் ஒரு காரியத்தைச் செய்து முடித்ததும், செய்துவிட்டாயா என்று கேட்பார். பாலை இறக்கிக் கீழே வைத்தால் "சவுந்தரி, பாலை எறக்கிட்டியா?" கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் "தாப்பா போட்டியா?" செபமாலையை முத்தமிட்டு மடக்கும்போது "செபமாலை சொல்லிட்டியா?"

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சின்ன வயதில் முசிறியிலிருந்து ஒரு வாத்தியார் என்னைப் பெண் பார்க்க வந்தார். எனக்குச் சம்மதமா என்று என்னிடமே கேட்டார், அந்தக் காலத்தில் அது அபூர்வம். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன், "அவளுக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரிசையாகச் சொல்ல வேண்டுமே என்று சொல்கிறேன்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் படபடப்பு அதிகமாகி, டாக்டரம்மா செடி வளர்க்கச் சொன்னார்கள். டால்டா டின்னில் கொத்தமல்லி போட்டேன். ஓட்டைப் பக்கெட்டில் தக்காளி. உண்மையாகவே மனசு அடங்கியது. ஒருநாள் காலை கடைசித் தொட்டிக்கும் ஊற்றிவிட்டு, பூவாளியும் கையுமாக நிற்கிறேன். கீழேயிருந்து குரல் வந்தது.

"சவுந்தரி, செடிக்குத் தண்ணி ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன் அண்ணே."

அன்றுதான் பெரிய தொட்டிகள் வாங்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டு மச்சு பழைய காலத்தது. மர உத்திரத்தின் மேல் செங்கல் பரப்பிச் சுண்ணாம்பு போட்டது. எழுபத்தேழாம் வருட வெள்ளத்துக்குப் பிறகு சுவர் வழியாக உத்திரத்துக்குக் கரையான் ஏறியிருந்தது. காய்ந்த மண்ணைவிட ஈர மண் எவ்வளவு கனம் என்பதும் எனக்குத் தெரியும். தொட்டியத்திலிருந்து வாழைக்கன்று கொண்டுவந்து விற்கும் மருதை என்பவனைப் பிடித்தேன். வாழைக்கு ஆழம் வேண்டும் என்பதால் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறைகளையே மாடிக்கு ஏற்றச் சொன்னேன். ஆட்களை வைத்துக் கயிறு கட்டி ஏற்றினான். மண்ணும் ஆற்று மணலும் போட்டு, ரஸ்தாளிக் கன்றுகளை நட்டு முடித்ததும் நெற்றியைத் துடைத்தபடி கேட்டான்:

"அம்மா, இதுக்கு நேர் கீழதானே அய்யா படுக்கிறாங்க. இம்புட்டுப் பாரம் தாங்குமா?"

"தாங்காது மருதை."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இந்த விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

அடுத்த மழைக்குக் காரை பெயர்ந்து அண்ணனின் போர்வையில் விழுந்தது. கட்டிலைக் கிழக்குச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாடியிலும் கிழக்குப் பக்கம்தான் நல்ல வெயில் என்பதைக் கவனித்தேன். மருதை வந்து கடப்பாரையால் நெம்பி உறைகளை நகர்த்திக் கொடுத்தான். அண்ணன் ஜன்னலோரம் போனார். வாழையும் போயிற்று. இப்படியே அந்தக் கட்டில் அறையின் எல்லா மூலைகளையும் பார்த்துவிட்டது.

"நான் எங்க படுத்தாலும் அங்கயே ஒழுகுது சவுந்தரி."

"வயசான வீடு அண்ணே."

"ஆமா, ஆமா" என்றார். பிறகு, "வாழைக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்று கேட்டார். மேலே போய் இன்னொரு தடவை ஊற்றினேன்.

கடைசியில் அலுத்துப்போய் அறையின் நடுவுக்கே திரும்பினார். வாழையும் திரும்பிற்று. அந்த இடம் ஏற்கெனவே நன்றாக ஊறியிருந்தது.

இதற்குள் என் தோட்டத்தைப் பற்றிக் கோவிலில் பேச்சாகிவிட்டது. பூசை முடிந்ததும் வயதானவர்கள் மாடியேறி வர ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெரு லூர்து, தபாலாபீசிலிருந்து ஓய்வு பெற்ற அற்புதசாமி, இன்னும் சிலர். எல்லோருக்கும் மூட்டுவலி. ஆளுக்கொரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று இடம் கொடுத்தேன். லூர்துவுக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. அற்புதசாமி மருமகளோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு அவரைக்காய்க்குப் பந்தல் போட்டார். நீங்களும் ஓய்வு பெற்ற பிறகு செய்து பாருங்கள், தூக்கம் நன்றாக வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் தார் வெட்டுவதென்று வைத்துக்கொண்டோம். காலையிலேயே உறைகள் ததும்பத் தண்ணீர் விட்டிருந்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள்.

"அண்ணனையும் மேல கூப்பிடலாமே டீச்சர்" என்றாள் லூர்து.

"சாப்பிட்டுட்டுப் படுத்திருக்காரு. இப்பத்தான் பாத்துட்டு வரேன்" என்றேன்.

வயதானவர்கள் தனித்தனியே கனமில்லாதவர்கள். சேர்த்து நிறுத்தினால்தான் கனம் உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு கேமரா இரவல் வாங்கி வைத்திருந்தேன். போட்டோவுக்கு வாழையைச் சுற்றி நிற்கச் சொன்னேன். அற்புதசாமி அரிவாளோடு தாரைப் பிடித்துக்கொண்டார். நான் படிக்கட்டுப் பக்கம் நின்றேன். அங்கே அடியில் சுவர் இருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. நடுவுல வாங்க லூர்து. அப்படித்தான்."

பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். காபியில் நனைத்த பிஸ்கட் மாதிரிதான் போயிற்று. மண்ணோடு மண்ணாகச் சறுக்கி இறங்கியதால் மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். லூர்துவுக்குக் கை முறிந்தது. அதற்கு நான் மிகவும் வருந்துகிறேன், வலது கை. புழுதி அடங்கியபோது அற்புதசாமி கீழ் அறையில் தாரைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். தார் அடிபடவில்லை.

அண்ணன் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தார். ஓடிவந்த ஆட்களுக்கு எங்கே தோண்டுவதென்று தெரியவில்லை. நான்தான் மேலேயிருந்து இடத்தைக் காட்டினேன். சரியான இடம். எடுக்கும்போது உயிர் இல்லை.

ஆக, இது விபத்து இல்லை. இரண்டு வருடம் பொறுமையாகச் செய்த வேலை. நான் செய்தது. நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

"இதுக்குப் பதிலா, 'சும்மா கேட்டுக்கிட்டே இருக்காதீங்க அண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்கிறீர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் உங்களுக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர். வயதில் மூத்தவர். அவர் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசி அவர் மனசை நோகடித்தேன் என்று என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.